10:41-க்குத் திரும்புவது: மலையில் ஓடும் போஸ்ட்கிரெஸ் சர்வருக்கு நிமிடக் கணக்கில் மீட்பு

கோத்தகிரி பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். கணக்கு மென்பொருள் ஒடூ, அதற்கு அடியில் இருக்கும் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 16. மாதக் கடைசி, காலை 10:42. பசுந்தேயிலை விலையைத் திருத்த ஒருவர் டேட்டாபேஸில் நேரடியாக அப்டேட் போடுகிறார். எந்த மாதத்துக்கு என்ற நிபந்தனை விட்டுப்போகிறது. பழைய மாதங்களின் கொழுந்துக் கணக்கும் சேர்ந்து புது விலைக்கு மாறிவிடுகிறது.

கையில் இருப்பது நேற்று இரவு 11 மணி டம்ப், அதாவது அந்த நேரத்து டேட்டாபேஸின் முழு நகல். அதை ஏற்றினால் விலை சரியாகும். ஆனால் இன்று காலை எடைபோட்ட கொழுந்து முழுக்கப் போய்விடும். விவசாயியின் கையில் எடைச் சீட்டு இருக்கும், நம் கணக்கில் அவர் பெயரில் ஒன்றும் இருக்காது. டம்ப் மட்டும் வைத்திருப்பவர்கள் நேற்று இரவு 11 மணி நிலைக்குத்தான் திரும்ப முடியும். 10:41-க்குத் திரும்ப வேண்டுமென்றால் வால் (WAL, ரைட்-அஹெட் லாக்) கோப்புகள் வேண்டும். டேட்டாபேஸில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் முதலில் எழுதப்படும் பதிவேடு அதுதான்.

போஸ்ட்கிரெஸ் நிறுவுவதும் பயனர் உரிமை கொடுப்பதும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். அமைப்புப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில், அடிக்கோட்டோடு தட்டுங்கள்.

படி 1: அமைப்பு

வால்_லெவல் ரெப்ளிகா என்று இருக்க வேண்டும். 10-ஆம் பதிப்பிலிருந்து அதுவே இயல்பு. ஆர்க்கைவ்_மோட் ஆன்; முடிந்த வால் கோப்புகளை வேறு இடத்தில் நகலெடுத்துச் சேர்த்துவைக்க இது வேண்டும், அந்த இடம்தான் ஆர்க்கைவ். ட்ராக்_கமிட்_டைம்ஸ்டாம்ப் ஆன். இது பலர் கண்ணில் படாத ஒன்று, படி 5-இல் இதுதான் கைகொடுக்கும். கடைசி இரண்டுக்கும் சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும். ஆர்க்கைவ்_கமாண்டை மாற்ற வெறும் ரீலோட் போதும். ஆர்க்கைவ்_டைம்அவுட் 300 நொடி வையுங்கள். சர்வரே எரிந்துபோனாலும் இழப்பு ஏறக்குறைய ஐந்து நிமிடத்தோடு நிற்கும்.

படி 2: ஆர்க்கைவ் கமாண்ட்

பெரும்பாலானோர் எழுதுவது ஒரே வரி: அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இல்லையென்றால் சிபி கட்டளையால் நகலெடு. சமவெளியில் நல்ல டேட்டா சென்டரில் இதை வைத்து ஓட்டிவிடலாம். மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்து, ஜெனரேட்டருக்கும் லைனுக்கும் மாறிமாறி ஓடும் இடத்தில் இது இரண்டு விதமாகக் கவிழ்த்துவிடும்.

ஒன்று, யுஎஸ்பி டிஸ்க். கரண்ட் போய் வந்தபின் அது மறுபடி மவுன்ட் ஆகவில்லை என்றால், அந்த ஃபோல்டர் மட்டும் வெறுமையாக மூல டிஸ்கில் இருக்கும். சிபி அதற்குள்ளேயே எழுதிவிட்டு "வெற்றி" என்று சொல்லும். ஆர்க்கைவும் டேட்டாபேஸும் ஒரே டிஸ்கில் போய் உட்கார்ந்திருப்பது யாருக்கும் தெரியாது. அதனால் நகலெடுக்கும் முன் மவுன்ட்பாயின்ட் கட்டளையால் டிஸ்க் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் தோல்வி என்று திருப்பி அனுப்புங்கள். தோல்வி என்று சொன்னால் போஸ்ட்கிரெஸ் அந்தக் கோப்பை அழிக்காமல் வைத்திருந்து மறுபடி முயலும்.

இரண்டு, சிபி முடிந்த கணத்தில் எழுதியது டிஸ்கில் இறங்கியிருக்க வேண்டும் என்பதில்லை, இன்னும் மெமரியில் இருக்கலாம். போஸ்ட்கிரெஸோ "போய்ச் சேர்ந்தது" என்று நம்பித் தன் பிரதியை மறுபயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் கரண்ட் போனால் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தது. நடுவில் ஒரே ஒரு வால் கோப்பு இல்லையென்றாலும் அதைத் தாண்டி மீட்க முடியாது. நகலெடுத்ததும் அந்தக் கோப்புக்கு சிங்க் கட்டளை கொடுப்பது கட்டாயம்.

இவ்வளவையும் ஸ்கிரிப்ட்டில் கட்டிக் காப்பதைவிட, போஸ்ட்கிரெஸுக்கான பேக்கப் கருவியான பிஜிபேக்ரெஸ்ட் போடுங்கள் என்பதே என் அழுத்தமான கருத்து. டிஸ்கில் இறக்குவது, சுருக்குவது, சரிபார்ப்பது எல்லாம் அதிலேயே உண்டு. அதன் செக் கட்டளை ஒரு வால் கோப்பைக் கட்டாயமாக மாற்றி, அது ஆர்க்கைவில் போய்ச் சேர்கிறதா என்று அங்கேயே காட்டிவிடும். ஆனாலும் முதல் முறை கையால் செய்யுங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் கருவியைப் பிடித்தால், மீட்கும் நாளில் கை ஓடாது.

படி 3: அடிப்படை பேக்கப்

பிஜி_பேஸ்பேக்கப், சாதாரண ஃபோல்டர் வடிவம், வால் ஸ்ட்ரீம் முறை. முடிந்ததும் பிஜி_வெரிஃபைபேக்கப். வாரம் ஒருமுறை போதும். தவறு நடந்த நேரத்துக்கு முன்பே முடிந்த பேக்கப்தான் உதவும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்; புதியதிலிருந்து பின்னோக்கிப் போக முடியாது. அதனால் புதியது வந்தவுடன் பழையதை அழிக்காமல் குறைந்தது இரண்டு பேக்கப் வைத்திருங்கள்.

படி 4: கண்காணிப்பு

மலையில் நெட் போவது அபூர்வமல்ல. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது போன்ற மழை வந்தால், சாலையும் போகும், கேபிளும் போகும். கோவையில் இருக்கும் இரண்டாம் பிரதிக்கு வால் கோப்புகளை நேராக அனுப்பிக்கொண்டிருந்தால் அத்தனையும் உங்கள் சர்வரிலேயே தேங்கும்.

கணக்குப் போடுங்கள். ஒரு வால் கோப்பு 16 எம்பி. 300 நொடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 12, நாளைக்கு 288, அதாவது சுமார் 4.5 ஜிபி. மூன்று நாள் லைன் இல்லையென்றால் 13.5 ஜிபி. பதிவு அதிகமாக நடந்தால் இன்னும் கூடும். பிஜி_வால் ஃபோல்டர் இருக்கும் டிஸ்க் நிரம்பினால் போஸ்ட்கிரெஸ் பேனிக் என்று சொல்லி நின்றுவிடும். அந்த ஃபோல்டரில் கைவைத்துக் கோப்பு அழிப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள், டேட்டாபேஸே எழும்பாமல் போகலாம். குறைந்தது 30 ஜிபி காலியாக வைத்திருங்கள். ஆர்க்கைவை முதலில் உள்ளூர் டிஸ்குக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து கோவைக்குத் தனி வேலையாக அனுப்பினால் லைன் போவது டேட்டாபேஸைத் தொடாது.

பிஜி_ஸ்டேட்_ஆர்க்கைவர் என்ற பார்வையில் கடைசியாக எப்போது ஆர்க்கைவ் ஆனது, எத்தனை முறை தோற்றது என்று இருக்கும். வேலை நேரத்தில் கடைசி நேரம் 15 நிமிடத்துக்கு மேல் பழையதானால் கைபேசிக்குச் செய்தி வரும்படி வையுங்கள்.

படி 5: எந்த நேரம்?

எல்லாம் சரியாக வைத்திருந்தவர்களும் சறுக்கும் இடம் இதுதான்.

தவறு எப்போது நடந்தது என்று ஒடூவின் ரைட்_டேட் நெடுவரிசையில் தேடாதீர்கள். நேரடியாகப் போட்ட அப்டேட் அதைத் தொடாது. தவிர அதில் இருப்பது உலகப் பொது நேரம். நம் 10:42 அங்கே 05:12. படி 1-இல் ட்ராக்_கமிட்_டைம்ஸ்டாம்ப் போட்டிருந்தால், கெட்டுப்போன ஏதாவது ஒரு வரிசையின் எக்ஸ்மின் எண்ணை, அதாவது அந்த வரிசையை எழுதிய டிரான்சாக்‌ஷனின் எண்ணை, எடுத்து பிஜி_எக்ஸ்ஆக்ட்_கமிட்_டைம்ஸ்டாம்ப் (pg_xact_commit_timestamp) செயல்பாட்டுக்குக் கொடுங்கள். கமிட் ஆன நேரம் துல்லியமாக வரும்.

இப்போது ரெகவரி_டார்கெட்_டைம். நேர மண்டலம் குறிப்பிடாமல் 10:41:30 என்று எழுதினால், சர்வரின் டைம்ஸோன் எதுவோ அதில் எடுத்துக்கொள்ளும். டாக்கரில் ஓடும் போஸ்ட்கிரெஸ் வழக்கமாக உலகப் பொது நேரத்தில் இருக்கும். அப்படியானால் நீங்கள் கேட்டது இந்திய நேரம் மாலை 4:11:30. மதியமே மீட்க உட்கார்ந்தால், இலக்கை அடையும் முன் பதிவேடு தீர்ந்துவிட்டது என்று 13 முதலான பதிப்புகள் பிழை சொல்லி நின்றுவிடும், தப்பித்தீர்கள். மாலை 6 மணிக்கு உட்கார்ந்தால் பிழையே வராது. தவறான அப்டேட்டையும் சேர்த்து ஒழுங்காக மீட்டுக் கொடுத்துவிடும்.

ஐஎஸ்டி என்று எழுதினால் தீரும் என்று நினைக்க வேண்டாம். 17-ஆம் பதிப்பு வரை போஸ்ட்கிரெஸின் இயல்பான பட்டியலில் ஐஎஸ்டி என்பது இஸ்ரேல் நேரம். வினவலில் 10:42 ஐஎஸ்டி என்று போட்டால் நம் மதியம் 2:12 என்று புரிந்துகொள்ளும். எப்போதும் +05:30 என்று எண்ணால் எழுதுங்கள்.

நேரமே வேண்டாம் என்றால் இன்னும் நல்ல வழி உண்டு. எக்ஸ்மின் எண்ணை ரெகவரி_டார்கெட்_எக்ஸ்ஐடியில் கொடுத்து, ரெகவரி_டார்கெட்_இன்க்ளூசிவ் ஆஃப் செய்தால், அந்த டிரான்சாக்‌ஷனுக்குச் சற்று முன்பாக நிற்கும். தவறு ஒரே டிரான்சாக்‌ஷனில் நடந்திருந்தால் நான் இதையே சொல்வேன். இரண்டு இலக்கையும் சேர்த்துக் கொடுத்தால் சர்வர் ஏற்காது.

படி 6: மீட்பு

வேறு கணினியில் செய்யுங்கள். அதே முதன்மைப் பதிப்பு, அதாவது 16-க்கு 16. பேக்கப்பை டேட்டா ஃபோல்டரில் வைத்து, உரிமையை 0700 ஆக்கி, உள்ளே ரெகவரி.சிக்னல் என்ற வெற்றுக் கோப்பு வையுங்கள். ரெகவரி.கான்ஃப் என்று சொல்லும் பழைய குறிப்புகளை விட்டுவிடுங்கள். 2019-இல் வந்த 12-ஆம் பதிப்போடு அது போய்விட்டது. ரீஸ்டோர்_கமாண்ட் ஆர்க்கைவிலிருந்து எடுத்துத் தர வேண்டும். ஆர்க்கைவ்_மோடைக் கட்டாயம் ஆஃப் செய்யுங்கள், இல்லையென்றால் இந்தச் சோதனைச் சர்வர் தன் கோப்புகளை உண்மையான ஆர்க்கைவுக்குள் தள்ளும்.

தொடங்கியதும் ஹிஸ்டரி கோப்பு இல்லை என்று லாக்கில் வரும், அது பிழையல்ல. இலக்கை அடைந்ததும் சர்வர் இடைநிறுத்தத்தில் நிற்கும், படிக்க மட்டும் விடும். விலையைப் பாருங்கள். இன்னும் சற்றுப் பிந்தைய நேரம் வரை போகலாம் என்றால் சர்வரை நிறுத்தி, பிந்தைய இலக்கு கொடுத்துத் தொடரலாம். தாண்டிப்போய்விட்டால் பேக்கப்பிலிருந்து மறுபடி தொடங்குவது ஒன்றே வழி. அதனால் முதல் இலக்கைச் சற்று முன்னதாகவே வையுங்கள்.

மீட்டதை அப்படியே தூக்கி உண்மைச் சர்வராக்காதீர்கள். 10:42-க்குப் பிறகும் எடை ஏறிக்கொண்டிருக்கிறது. விலை அட்டவணையை மட்டும் காப்பி கட்டளையால் வெளியே எடுத்து, உண்மைச் சர்வரில் தற்காலிக அட்டவணையாக ஏற்றி, ஐடி பொருத்தி அந்த நெடுவரிசையை மட்டும் திருத்துங்கள். பிகின் போட்டு, எத்தனை வரிசை மாறியது என்று பார்த்துவிட்டுக் கமிட் செய்யுங்கள்.

சோதனைச் சர்வரில் ஒடூவையும் கிளப்பிப் பார்க்க விரும்பினால், இடைநிறுத்தத்தை நீக்கி எழுதும் நிலைக்குக் கொண்டுவந்து, முதலில் நியூட்ரலைஸ் கட்டளை ஓட்டுங்கள். 16-ஆம் ஒடூவில் உண்டு. மறந்தால் அந்தப் பிரதியும் விவசாயிகளுக்கும் வியாபாரிகளுக்கும் மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கும். இணைப்புக் கோப்புகள் ஃபைல்ஸ்டோர் ஃபோல்டரில் இருப்பதால் வால் அவற்றைக் காப்பாற்றாது, தனியாக நகலெடுங்கள்.

பின்சேர்க்கை

செய்துபார்த்தவர்களில் சிலருக்கு மீட்ட சர்வரில் விவசாயி பெயரைத் தேடினால் இருக்கிற பெயரே கிடைக்கவில்லை. சோதனைக் கணினியில் லினக்ஸ் பதிப்பு வேறு. எழுத்து வரிசை விதிகள் லினக்ஸின் அடிப்படை நிரல் நூலகமான ஜிலிப்சியிலிருந்து (glibc) வருகின்றன, அதன் 2.28-இல் அவை பெரிதாக மாறின. பழைய விதிப்படி அடுக்கிய இன்டெக்ஸைப் புதிய விதிப்படி தேடினால் கண்ணில் படாது. இரண்டு கணினியிலும் ஒரே லினக்ஸ் பதிப்பு வையுங்கள். முடியாதென்றால், எழுதும் நிலைக்கு வந்ததும் எழுத்து நெடுவரிசைகளின் இன்டெக்ஸுகளுக்கு ரீஇன்டெக்ஸ் ஓட்டிவிட்டுத் தேடுங்கள்.