இரவில் எரிந்த கொழும்பு: போர்க்காலப் பிரசாரப் படங்களைக் கையாளும்போது செய்யக்கூடாதவை

போன சனிக்கிழமை ஒரு தம்பி தன்னுடைய விவரணப்படத்தின் ரஃப் கட்டை, அதாவது முதல் வெட்டுப் பிரதியை, கொண்டுவந்து காட்டினார். இரண்டாம் உலக யுத்தக் காலத்துக் கொழும்பு பற்றியது. மூன்றாவது நிமிடத்தில் கும்மிருட்டில் ஒரு பண்டகசாலை பற்றி எரிகிறது. இரும்புத் தொப்பி போட்டவர்கள் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் பென் ட்ரைவைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டேன். ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. இருபது வருடத்துக்கு முன் அதே ஷொட்டை அதே இடத்தில் போட்டவன் நான் என்பதும் அவருக்குத் தெரியாது.

வெள்ளவத்தையில் ஒரு சின்ன எடிட்டிங் அறை வைத்திருக்கிறேன். வார இறுதியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் உண்டு. யுத்தக் காலத்தில் அரசாங்கங்கள் தங்கள் சனங்களுக்காக எடுத்த குறும்படங்கள் இப்போது இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. விளக்கை அணை, வாயைக் கட்டு, தோட்டம் போடு, வரியைக் கட்டு என்று ஒவ்வொன்றும் ஒரு கட்டளை. மங்கலான பிரதி, பிழையான எழுத்து போன்றவற்றை இங்கே பேசவில்லை. அவை இரண்டாவது படத்தில் தாமாகவே திருந்திவிடும். திருந்தாதவை வேறு.

'பிரசாரம்' என்று கண்டவுடன் 'பொய்' என்று எழுதுவது

1934இல் பசில் ரைட் இலங்கையில் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' படத்துக்குக் காசு கொடுத்தது தேயிலைப் பிரசாரச் சபை. பெயரிலேயே பிரசாரம் என்று போட்டுக்கொண்டார்கள், ஒருவரும் கூச்சப்படவில்லை. நாங்களும் தேர்தல் பிரசாரம், சுகாதாரப் பிரசாரம் என்று இன்றைக்கும் சாதாரணமாகத்தானே சொல்கிறோம்? ரிச்சர்ட் மாசிங்ஹாம் 1945இல் எடுத்த ஒரு குட்டிப் படம், தும்மும்போது கைக்குட்டையால் மூக்கை மூடு என்று பிரித்தானியர்களுக்குப் படிப்பித்தது. அதில் என்ன பொய்?

படம் முடிந்து வீட்டுக்குப் போகிறவர் என்ன செய்யவேண்டும் என்று அரசாங்கம் எதிர்பார்த்தது? முதலில் அதைக் கண்டுபிடியுங்கள். பிறகு, எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருக்க, முழுவதும் வேறு கதையாக இருக்கலாம். எண்பது, தொண்ணூறுகளில் இங்கே இராத்திரிச் செய்தி பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குத்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

யாருக்காக எடுத்தது என்று பார்க்காமல் விடுவது

அமெரிக்கப் பொதுமக்களுக்கான பிரசாரம் என்று தலைப்புப் போட்டு ஃபிராங்க் கப்ராவின் 'வை வி ஃபைட்' வரிசையை எடுத்து ஒட்டுவார்கள். ஏழு படங்கள்; எடுத்தது படையில் புதிதாகச் சேர்ந்த பெடியங்களுக்காக. முதல் படம் பொதுத் திரையரங்குக்கு வந்தது 1943இல், பிறகு வந்த யோசனையாக. அதேபோல 'லண்டன் கேன் டேக் இட்' (1940). பின்னணிக் குரல் குவென்டின் ரெனால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளருடையது. யுத்தத்துக்குள் இன்னும் இறங்காத அமெரிக்காவின் மனதை இளக்கத்தான் அந்தக் குரல். உள்நாட்டில் காட்டியது இன்னும் சுருக்கமான பிரதி, அதன் பெயரில் லண்டனுக்குப் பதில் பிரிட்டன். குண்டு விழுந்த மற்ற நகரத்துச் சனங்களும் பார்க்கவேண்டுமே.

தமிழ்க் குரல் கேட்டதும் 'இது இலங்கைப் படம்' என்று துள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். 1943இல் பிரித்தானிய இந்திய அரசு தொடங்கிய இன்ஃபர்மேஷன் ஃபிலிம்ஸ் ஒஃப் இந்தியா தமிழிலும் படம் வெளியிட்டது. பாதுகாப்பு விதிகளின் கீழ் அந்தப் படங்களைப் போட்டே தீரவேண்டும் என்று அங்குள்ள திரையரங்குகளுக்குக் கட்டளை. இலங்கை அரசின் திரைப்படப் பிரிவு தொடங்கியதோ 1948இல். 1942ஆம் ஆண்டுக் காட்சிக்குக் கீழே அந்தப் பிரிவின் பெயரைப் போட்ட ஒரு படத்தை நானே ஒரு போட்டியில் நடுவராக இருந்து பார்த்திருக்கிறேன். பரிசும் கிடைத்தது. நான் மூன்று பேரில் ஒருவன்தான்.

நடித்துக் காட்டியதை நடந்ததாகக் காட்டுவது

அந்தத் தம்பி போட்டிருந்த நெருப்பு 'ஃபயர்ஸ் வேர் ஸ்டார்ட்டட்' என்ற படத்தில் இருந்து வந்தது. இயக்கியவர் ஹம்ப்ரி ஜென்னிங்ஸ், தயாரித்தது பிரித்தானிய அரசின் கிரவுன் ஃபிலிம் யூனிட், வெளிவந்தது 1943. ஜேர்மன் விமானங்கள் இரவுக்கு இரவு லண்டனைத் தாக்கியது 1940 செப்டெம்பரில் இருந்து 1941 மே வரை. படப்பிடிப்பு நடந்தது 1942இல், அந்தப் பெருந்தாக்குதல் அடங்கிய பிறகு. திரையில் வருகிறவர்கள் உண்மையான தீயணைப்புக்காரர்கள். ஏற்கெனவே குண்டில் சிதைந்து கிடந்த துறைமுகப் பக்கக் கட்டடத்துக்குள் படக்குழுவே நெருப்பு மூட்டி அவர்களை அணைக்கவிட்டது. சில காட்சிகள் ஸ்டூடியோவுக்குள் எடுத்தவை.

இதில் ஜென்னிங்ஸைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. நடந்ததை, அதில் நின்றவர்களை வைத்தே திரும்பச் செய்துகாட்டுவது அந்தக் காலத்து விவரணப்படக்காரர்களின் வழக்கமான முறை. கனமான 35 மி.மீ. கமெரா, இருட்டில் எதையும் பதியாத ஃபிலிம். அதைத் தூக்கிக்கொண்டு எரிகிற கூரைக்குக் கீழே யார் ஓடுவது? 1941இல் வந்த 'டார்கெட் ஃபோர் டுநைட்' படத்திலும் விமானிகள் உண்மையானவர்கள், அவர்கள் உட்கார்ந்திருந்த விமானத்தின் உட்பக்கம் ஸ்டூடியோ செட். குற்றம் எங்களுடையது. எண்பது வருடம் கழித்து அதை வெட்டியெடுத்து, இன்னொரு ஊரின் அழிவுக்குச் சாட்சியாக நிறுத்துகிறோமே.

நான் நிறுத்தினேன். கொழும்புத் துறைமுகம் பற்றிய இருபது நிமிடப் படம். ஒரு நிறுவனத்தின் ஆண்டு நிறைவுக்காகக் கேட்டிருந்தார்கள். ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட இடம் வந்தது. கையில் காட்சி இல்லை, நாளோ இரண்டு. பெரிய நெருப்பு ஒன்று கிடைத்தது, போட்டேன். கீழே வயலின். பார்க்கப் பிரமாதமாக இருந்தது, அதுதான் சனியன்.

கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் திரையிட்டோம். முடிந்ததும் இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா கையை உயர்த்தினார்.

"தம்பி, அது எந்த ஊர் நெருப்பு?"

"இங்கதான் அம்மா. நாற்பத்திரண்டாம் ஆண்டுக் குண்டுவீச்சு."

"அது காலமை எல்லோ! உயிர்த்த ஞாயிறு. நான் உடுப்பு மாத்திப் பூசைக்குப் போக நிண்டனான். வெயிலும் எறிச்சிட்டுது. நீர் என்ன ராவைக் காட்டுறீர்?"

மண்டபமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அவர் சொன்னதுதான் சரி. 1942 ஏப்ரல் 5. (உயிர்த்த ஞாயிறு என்றால் இப்போது கொட்டாஞ்சேனைக்கு வேறொரு காலைதான் ஞாபகம் வரும், இது அதற்கு 77 வருடம் முந்தியது.) விமானங்கள் வந்தது காலை ஏழரை மணியளவில். துறைமுகத்திலும் இரத்மலானையிலும் குண்டு விழுந்தது. குதிரைப் பந்தயத் திடலை ஓடுபாதையாக்கி வைத்திருந்தார்கள், அங்கிருந்தும் சண்டை விமானங்கள் எழும்பின. இதையெல்லாம் நான் எழுத்துப் பிரதியில் எழுதியிருந்தேன், 'காலை' என்ற சொல் உட்பட. குரல் காலை என்கிறது, படம் நடுச்சாமம் என்கிறது, எடிட்டர் இரண்டையும் நூறு தரம் பார்த்திருக்கிறான். கண்ணில் படவில்லை. நெருப்பு அவ்வளவு அழகு.

முந்நூறு டிஸ்க் ஏற்கெனவே அடித்தாயிற்று. எல்லாவற்றையும் குப்பையில் போட்டுப் புதிதாக அடித்த செலவு என் தலையில். மிச்சக் காசும் வரவில்லை. கேட்கிற முகமும் எனக்கு இருக்கவில்லை. திரும்ப வெட்டியபோது அந்த இடத்தில் காட்சியே வைக்கவில்லை. கறுப்புத் திரை, அந்த அம்மாவின் குரல், நாற்பது விநாடி. அதற்குப் பிறகு இன்றைய ரேஸ்கோஸ் மைதானம், காலை ஏழரை மணி வெயிலில். வெள்ளவத்தையில் இருந்து முச்சக்கர வண்டியில் கால் மணித்தியாலத் தூரம். முதல் தரமே போயிருக்கலாம்.

ஒரு காட்சி நடித்ததா, நடந்ததா என்று பிடிக்கப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இவ்வளவுதான். கமெரா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சுவர் விழுவதற்கு முன்பே அது விழப்போகிற இடத்தை நோக்கிக் கமெரா காத்துக்கொண்டிருந்தால் சந்தேகப்படுங்கள். ஒருவர் கதவைத் திறக்கிறார். வெளியே இருந்து ஒரு ஷொட், உள்ளே இருந்து ஒரு ஷொட். ஒரு கமெராதான் இருந்தது என்றால் அந்தக் கதவு இரண்டு தரம் திறந்திருக்கிறது. இருட்டறையில் முகம் மட்டும் பளிச்சென்று இருக்கிறதா? குண்டுச் சத்தத்துக்கு நடுவே பேச்சு ஒவ்வொரு சொல்லாகக் கேட்கிறதா? இப்படி இரண்டு அடையாளம் கண்டாலே போதும், கீழே 'மீள நடித்துக் காட்டப்பட்டது' என்று படத்தின் பெயரோடும் ஆண்டோடும் எழுத்துப் போடுங்கள். லண்டன் அரசு தன் தீயணைப்புக்காரர்களை எப்படிக் காட்ட ஆசைப்பட்டது என்று பேசுவதற்கு அதே ஷொட் அருமையான சாட்சி. கொழும்புக்கு அது சாட்சியே இல்லை.

சிரித்துவிட்டுக் கடந்துபோவது

1940இல் வந்த ஒரு பிரித்தானியக் குறும்படத்தில் இரண்டு சகோதரிகளின் வீட்டுக்கு ஓர் இராணுவ அதிகாரி வருகிறான். 'ஜார்விஸ்' என்ற ஊர்ப்பெயரை 'யார்விஸ்' என்று உச்சரிக்கிறான். ஜேர்மன் உளவாளி என்று பிடிபடுகிறான். வகுப்பில் போட்டால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தமிழரா என்று பிடிக்க வீதியில் மறித்து வைத்து, வாளிக்கான சிங்களச் சொல்லான 'பால்திய'வைச் சொல்லச் சொன்ன கதையை வீட்டில் கேட்டு வளர்ந்தவர் ஒருவராவது சிரிக்காமல் இருப்பார். அவரைக்கொண்டு அந்தப் படத்தைப் பற்றி எழுதவையுங்கள்.

பார்த்தவர்கள் எல்லாரும் நம்பினார்கள் என்று எழுதுவது

பிரித்தானியாவில் மாஸ் ஒப்சர்வேஷன் என்ற அமைப்பு திரையரங்குகளுக்குள் ஆள் அனுப்பி, சனங்கள் எங்கே கைதட்டினார்கள், எங்கே சிரித்தார்கள் என்று குறித்து வைத்தது. வாசிக்காமல் எழுதாதீர்கள்.

லண்டன் தோட்டத்தைக் கொழும்பில் நடுவது

வீட்டுத் தோட்டத்தில் மரக்கறி போடச் சொன்ன பிரித்தானிய 'டிக் ஃபோர் விக்டரி' பிரசாரத்தின் காட்சியைப் போட்டு இலங்கையின் உணவுத் தட்டுப்பாட்டைப் பேசுவது. அங்கே அட்லாண்டிக்கில் கப்பல்கள் மூழ்கின. இங்கே 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது, பர்மா அரிசி நின்றது, கூப்பனும் கோதுமை மாவும் வந்தன. பாட்டிமார் இன்றும் பாணைப் பற்றி ஒரு மாதிரித்தான் பேசுவார்கள். உருளைக்கிழங்கு கிண்டுகிற ஆங்கிலேயக் கனவானைக் காட்டி இதை விளக்க முடியாது.

குரல் இல்லாத படத்துக்குக் குரல் போடுவது

'லிஸன் டு பிரிட்டன்' 1942இல் வர்ணனை இல்லாமல் வெட்டப்பட்டது. வேண்டுமென்றே. வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.

நிறம் பூசுவது

வேண்டாம்.