பெலினா ஆர்க்கிட் வைத்திருக்கிறீர்களா? பூத்தண்டை வெட்டாதீர்கள்

கடையில் வாங்கின பெரிய வெள்ளைப்பூ ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் ஒரு தடவை பூத்துவிட்டுச் சும்மா நிற்கிறதா? அது புதுத் தண்டு விட, சில வாரமாவது இரவில் கொஞ்சம் குளிர் வேண்டும், மதுரையில் மார்கழி, தையை விட்டால் அதற்கு வழியில்லை. அதனால் நான் அதே ஃபெலனாப்சிஸ் இனத்தில், போர்னியோ தீவின் தாழ்நிலக் காட்டுச் செடியான பெலினாவுக்கு மாறிவிட்டேன். சூடு அதற்குப் பழக்கம்; பூ சின்னதுதான், ஆனால் எலுமிச்சை கலந்த மாதிரி ஒரு மணம்!

முக்கியமாக, பூ உதிர்ந்ததும் தண்டை வெட்டிவிடாதீர்கள், பச்சையாக இருக்கிற வரை அதே தண்டின் நுனியில் ஒன்றிரண்டாக மறுபடி பூக்கும். முதல் வருஷம் கத்தரிக்கோலோடு போய் ஒரு நல்ல தண்டை நாசம் பண்ணினேன், இன்னும் வயிற்றெரிச்சல்.

நம்ம ஊர் வறண்ட காற்றுதான் இதற்கு எதிரி. கூழாங்கல்லும் தண்ணீரும் போட்ட தட்டின் மேல், தொட்டியின் அடி தண்ணீரில் படாமல், கிழக்கு ஜன்னலோரம் வையுங்கள். உப்புப் போர் தண்ணீர் வேண்டாம், மழைத்தண்ணீர் பிடித்து வைத்தால் நல்லது. வேர் வெள்ளி நிறமானால் காலையில் ஊற்றுங்கள், அப்புறம் குருத்தில் தேங்கியதைத் துணியால் ஒற்றி எடுங்கள், இல்லையென்றால் அழுகிவிடும்.