52-இல் 27 போனால் 35? தப்பான விடையை வைத்தே கழித்தல் நடத்தும் முறை

மூன்றாம் வகுப்பில் 52 − 27 கொடுத்தால் சில நோட்டுகளிலாவது 35 என்று விடை இருக்கும். கவனக்குறைவு என்று சிவப்பு மையால் அடித்துவிட்டு நகராதீர்கள். 'பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்கணும்' என்று நாம் முன்பு சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது. அந்த யோசனையை வகுப்பில் எடுத்துப் பேசுங்கள். 'முயன்றால் முடியும்' என்று சுவரில் ஒட்டிவைத்தால் மட்டும் கணக்குப் பயம் போகாது.

40 நிமிடப் பாடவேளை ஒன்று போதும். முதல் ஐந்து நிமிடத்தில் துண்டுத்தாளில் போடச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். 35 வந்த தாளை உங்கள் கையெழுத்தில் கரும்பலகையில் எழுதுங்கள். யாருடையது என்று பார்வையால்கூடக் காட்டிவிடக் கூடாது. காட்டிவிட்டால் அந்தப் பிள்ளை மறுநாள் பக்கத்துத் தாளைப் பார்த்துத்தான் எழுதும்.

முதல் கேள்வி: "இதில் எதெல்லாம் சரி?" இடமதிப்புப்படி நேராக எழுதியது சரி, 7-க்கும் 2-க்கும் வித்தியாசம் 5 என்பதும் சரி. அடுத்து, "விடை சரியா என்று எப்படிப் பார்ப்பது?" 35-உடன் 27-ஐக் கூட்டினால் 62. எங்கோ இடிக்கிறது என்று அவர்களே சொல்வார்கள். கேட்டவுடன் நீங்களே பதிலைச் சொல்லிவிடாதீர்கள். ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் காட்டினார். மூன்று நொடி பொறுத்தாலே பதில்கள் நீளும், பேசாத பிள்ளைகளும் வாய் திறப்பார்கள்.

பிறகு நால்வருக்கு 52 ஈர்க்குச்சி வீதம் கொடுங்கள்: பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகள் ஐந்து, உதிரி இரண்டு. 27 எடுக்கச் சொன்னால் உதிரி பற்றாது. ஒரு கட்டை அவிழ்த்தே ஆக வேண்டும். கட்டு நான்கு, உதிரி 12. மீதி 25. கட்டை நீங்கள் அவிழ்க்காதீர்கள், அந்தக் கைகளே அவிழ்க்கட்டும். அது முடிந்த பிறகுதான் கரும்பலகையில் 5-ஐ அடித்து 4 என்று எழுத வேண்டும்.

பாராட்டிலும் கவனம் தேவை. கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், 'நீ புத்திசாலி' என்று புகழப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், உழைப்புக்காகப் புகழப்பட்டவர்களைவிடக் கடினமான வடிவப் புதிர்களில் சீக்கிரம் சோர்ந்தார்கள். ஆனால் வெறும் 'நல்லா முயற்சி பண்ணின' என்பதும் போதாது. அதே தப்பான வழியில் பத்துமுறை முயன்றாலும் 35-தான் வரும். "கூட்டிப் பார்த்துக் கண்டுபிடிச்சியே, அது நல்ல யோசனை" என்று செய்த காரியத்தைச் சொல்லுங்கள்.

மறுநாள் 40 − 16 கொடுத்துப் பாருங்கள். 36 வந்தால் பூஜ்ஜியத்தில் இன்னும் குழப்பம் இருக்கிறது. குச்சிகளை மறுபடி எடுங்கள். சீக்கிரம் முடித்தவர்களுக்கு இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பது தண்டனை மாதிரி. "கடன் வாங்கிக் கழித்து 25 வரும் கணக்கை நீயே உண்டாக்கு" என்று சொல்லுங்கள். 63 − 38, 71 − 46 எல்லாம் வரும். யாராவது 30 − 5 எழுதினால் வகுப்பையே கேளுங்கள்: இதில் கடன் வாங்கணுமா, வேண்டாமா?