முதல் அதிர்வு வந்ததும் எண்ணத் தொடங்குங்கள்

நிலநடுக்கம் பெரும்பாலும் இரண்டு தவணையாக வரும். முதலில் 'டக்'கென்று ஒரு சின்ன உதறல். ஜன்னல் கண்ணாடி கடகடக்கும், வெளியே ஏதோ லாரி போகிறது என்றுகூடத் தோன்றும். அது பி அலை, பாறைக்குள் நொடிக்கு சுமார் 6 கி.மீ. வேகத்தில் வருவது. பின்னாலேயே எஸ் அலை, நொடிக்கு சுமார் 3.5 கி.மீ. பலமாக உலுக்குவது இந்த இரண்டாவது ஆள்தான்.

நடுவில் கிடைக்கும் நொடிகளில் வாசலுக்கு ஓடாதீர்கள். உறுதியான மேஜைக்கு அடியில் புகுந்து, தலையை ஒரு கையால் மூடி, மறு கையால் மேஜைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். படுக்கையில் இருந்தால் இறங்கவே வேண்டாம். குப்புறப் படுத்து, தலையணையால் தலையையும் கழுத்தையும் மூடினால் போதும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு டார்ச்சும் ஷூவும் எப்போதும் இருக்கட்டும். இருட்டில் உடைந்த கண்ணாடியை மிதித்துப் பாதம் கிழிவது சர்வசாதாரணம்.

பதுங்கியபடியே எண்ணுங்கள். இரண்டு அதிர்வுக்கும் இடைப்பட்ட நொடிகளை 8-ஆல் பெருக்கினால், மையம் எவ்வளவு தூரம் என்று தோராயமாகத் தெரியும். 5 நொடி என்றால் 40 கி.மீ. இடைவெளியே தெரியவில்லையா? மையம் மிக அருகில்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். ஆட்டம் 20 நொடிக்கு மேல் நீடித்தால் சுனாமி வரலாம்; நின்றதும் மேட்டுப்பகுதிக்கு நடையைக் கட்டுங்கள்.

இன்னொன்று: எஸ் அலை திரவத்துக்குள் போகாது. பூமியின் வெளிக்கரு (மையக் கருவைச் சுற்றியுள்ள அடுக்கு) உருகிய நிலையில் இருப்பதைக் காட்டிக்கொடுத்ததும் இதே குணம்தான்.