பாலக்காட்டுக்குக் குடிவந்த கர்ப்பிணிகளுக்கு: ஐசிடி ரிப்போர்ட் இல்லாமல் ஊசிப் பரிசோதனைக்குப் போகாதீர்கள்

வாளையாறு தாண்டி கொழிஞ்சாம்பாறை, சித்தூர், பாலக்காடு என்று குடிவந்தவர்களுக்குக் கர்ப்பத்தைப் பதியும் வேலை பெரிதில்லை. தமிழ்நாட்டில் விஎச்என் அக்கா (கிராம சுகாதாரச் செவிலியர்) பார்த்ததை இங்கே ஆஷா பணியாளரும் குடும்ப ஆரோக்கிய கேந்திரத்து நர்ஸும் பார்ப்பார்கள். ஆதார், பிக்மீயில் (தமிழ்நாட்டின் கர்ப்பப் பதிவுத் தளம்) வாங்கிய ஆர்சிஎச் எண் இரண்டையும் கொண்டு போங்கள்.

மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். ரத்த குரூப் அட்டை மட்டும் கூட வருகிறது. ஐசிடி (இன்டைரக்ட் கூம்ப்ஸ் டெஸ்ட்) ரிப்போர்ட்டும் முந்தைய பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரியும் தாய்வீட்டு பீரோவில் தூங்குகின்றன. குழந்தையின் சிவப்பணுக்களைத் தாக்கும் ஆன்டிபாடி தாயின் ரத்தத்தில் இருக்கிறதா என்று சொல்வது ஐசிடிதான். நெகட்டிவ் குரூப்காரர்களுக்கு மட்டும் உள்ள கவலை இல்லை இது. முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்ட பாசிட்டிவ் குரூப் பெண்ணுக்கும் ஆன்ட்டி-கெல் (கெல் என்ற சிவப்பணுப் புரதத்தைத் தாக்கும் ஆன்டிபாடி) போன்றவை உருவாகலாம்.

இது தெரியாமலே, டவுன் சிண்ட்ரோம் ரத்தப் பரிசோதனையில் 'ஹை ரிஸ்க்' என்று வந்ததும் பனிக்குட நீர் எடுக்கப் படுத்துவிடுகிறார்கள். ஊசி நஞ்சுக்கொடி வழியாகப் போனால் குழந்தையின் ரத்தம் துளியாவது தாயிடம் கலக்கலாம். ஏற்கெனவே ஆன்டிபாடி உள்ள உடம்பில் அந்தத் துளியே ஆன்டிபாடியின் அளவை ஏற்றிவிடலாம், குழந்தைக்கு ரத்தசோகை கடுமையாகலாம். நஞ்சுக்கொடித் திசுவையே எடுக்கும் சிவிஎஸ்ஸில் ஆபத்து இன்னும் அதிகம். ஆன்டிபாடி ஏற்கெனவே இருந்தால், "ஆன்ட்டி-டி ஊசி போட்டுக்கலாம்" என்ற சமாதானத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். நெகட்டிவ் குரூப் பெண்ணுக்கு, பாசிட்டிவ் ரத்தத்தைத் தாக்கும் டி ஆன்டிபாடி உருவாகாமல் தடுக்கத்தான் அந்த ஊசி; உருவான பிறகு போட்டுப் பயனில்லை, கெல்லுக்கு எப்போதுமே பயனில்லை.

எனவே முதலில் ஐசிடியைக் காட்டுங்கள். உங்கள் கையில் ரத்தம் எடுத்து அதில் கலந்துள்ள குழந்தையின் டிஎன்ஏவைப் பார்க்கும் என்ஐபிடி போதுமா என்று கேளுங்கள். 10 வாரத்திலிருந்து செய்யலாம், ஆனால் அது முடிவான பதில் தராது. ஊசி தவிர்க்க முடியாது என்றால், ஸ்கேன் பார்த்து நஞ்சுக்கொடியை ஒதுக்கிக் குத்தும் ஃபீட்டல் மெடிசின் (கருவிலுள்ள குழந்தைக்கான) மருத்துவரிடம் போங்கள். இங்கே பலரும் தமிழ் பேசுவதால் அசட்டையாக இருந்துவிடுகிறோம், நீட்டும் படிவமோ மலையாளத்தில் இருக்கும். உங்களுக்குப் புரியும் மொழியில் எழுத்துச் சம்மதம் வாங்கி, நகலும் தர வேண்டும் என்பது 1994ஆம் ஆண்டுச் சட்டம். கேட்டு வாங்குங்கள்.

ஆன்டிபாடி இருந்தால் டைட்டரை (அதன் அளவை) ஒரே லேபில் பாருங்கள். கோவையில் டியூப் முறையில் 1:16, இங்கே ஜெல் முறையில் 1:32 என்றால் ஏறிவிட்டது என்று பொருளில்லை. 28 வாரத்து ஆன்ட்டி-டி ஊசியாலும் ஐசிடி லேசாக பாசிட்டிவ் காட்டும், ஊசி போட்ட தேதியைச் சொல்லுங்கள். கெல் என்றால் டைட்டர் குறைவாக இருப்பதை நம்பக் கூடாது. 16–18 வாரத்திலிருந்து குழந்தையின் மூளை ரத்தக்குழாயில் ரத்த வேகத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேனைக் கேளுங்கள். ரத்தசோகையில் ரத்தம் நீர்த்து வேகமாக ஓடும், வேகம் 1.5 எம்ஓஎம் (அந்த வாரத்துக்குரிய நடு அளவைப் போல ஒன்றரை மடங்கு) தாண்டினால் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.