கூகுள் விளம்பரமா, ஆர்கானிக்கா? வேலூர் சிறு வணிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூகுளில் வேலூர் லாட்ஜ் என்று தேடிப் பாருங்கள். 'ஸ்பான்சர்டு' என்ற குறியோடு வருபவை காசு கொடுத்து வாங்கிய இடங்கள். மேப்பில் அந்தக் குறி இல்லாமல் நிற்கும் கடைகளும் அதற்குக் கீழே வரும் வெப்சைட்டுகளும் காசு கொடுக்காமல் தானாக வந்தவை; இதைத்தான் ஆர்கானிக் என்கிறார்கள். மாதாமாதம் விளம்பரத்துக்குப் பணம் கட்டினால் ஆர்கானிக்கிலும் மெல்ல மேலே ஏறிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். ஏறாது. இரண்டும் தனித்தனிக் கணக்கு. பணம் தீர்ந்ததும் விளம்பரம் மறையும், ஆர்கானிக் இடம் அதனால் ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது.

வேலூரில் பணம் வீணாகக் கரையும் ஓர் இடம் இருப்பிட அமைப்பு. விளம்பரத்துக்கு ஊரைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் இருப்பிட விருப்பங்கள் என்று ஒரு பகுதி மடிந்து கிடக்கும். அதைத் திறக்காமல் விட்டால், வேலூரில் இருப்பவர்களோடு சேர்த்து வேலூர்மேல் ஆர்வம் காட்டும் வெளியூர்க்காரர்களுக்கும் விளம்பரம் போகும். சத்துவாச்சாரியில் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்பவருக்கு இது வீண் செலவு. அவர் 'அந்த ஊரில் இருப்பவர்கள் மட்டும்' என்று மாற்றியாக வேண்டும். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ்காரர் அதையே செய்தால் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட மாதிரி. அவருடைய வாடிக்கையாளர் கொல்கத்தாவிலோ குவாஹாட்டியிலோ உட்கார்ந்து, காட்பாடிக்கு ரயில் டிக்கெட் போடும்போதே அறையையும் தேடுகிறார். ஒரே பொத்தான்தான், ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு விஷம்.

விளம்பரத்தைக் கிளிக் செய்தவரை வெப்சைட்டின் முகப்புப் பக்கத்தில் இறக்கிவிடுவதும் தவறுதான். நோயாளியோடு வருபவருக்குத் தெரிய வேண்டியது நாலே நாலு: நாள் வாடகை, ஆஸ்பத்திரிக்கு நடக்கும் தூரம், சமைக்க இடம் உண்டா, லிஃப்ட் உண்டா. இவை போனில் முதல் திரையிலேயே தெரியட்டும். வங்காளத்தில் ஒரு பக்கம் இருந்தால் இன்னும் நல்லது. மொழிபெயர்ப்புக் கருவி தந்ததை அப்படியே ஏற்றாமல், அந்த மொழி தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அடுத்தது கீவேர்டு, அதாவது எதைத் தேடுபவருக்கு விளம்பரம் காட்ட வேண்டும் என்று நாம் கொடுக்கும் சொல். ஒரு சொல்லை வெறுமனே போட்டால் கூகுள் அதை 'பிராட் மேட்ச்' என்று எடுத்துக்கொண்டு, அதோடு தொடர்புள்ள மற்றத் தேடல்களுக்கும் விளம்பரத்தைக் காட்டும். ஆம்பூர் பிரியாணி என்று போட்ட ஓட்டல்காரருக்கு, செய்முறை தேடுபவர்களும் வந்து கிளிக் செய்து காசைக் கரைத்துவிட்டுப் போவார்கள். ராணிப்பேட்டை லெதர் யூனிட்டுக்கு, மொத்தமாக வாங்க வருபவரைவிட வேலை தேடி வருபவர்கள் அதிகமாகலாம். கீவேர்டை இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் வலை சுருங்கும், சதுர அடைப்புக்குள் போட்டால் இன்னும் சுருங்கும். செய்முறை, வேலை, சம்பளம், இலவசம் போன்றவற்றை நெகட்டிவ் கீவேர்டாக, அதாவது தேடலில் இருந்தால் விளம்பரம் காட்டக் கூடாத சொற்களாகச் சேர்க்க வேண்டும். ஒருமை, பன்மை இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள், ஒன்றைச் சேர்த்தால் மற்றது தானாக அடைபடாது. ஜனங்கள் உண்மையில் தட்டிய சொற்கள் 'சர்ச் டெர்ம்ஸ்' அறிக்கையில் இருக்கும். முதல் மாதம் வாரம் ஒருமுறையாவது அதைப் பார்க்காமல் விளம்பரம் ஓட்டுவது, கல்லாப்பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போவதுதான்.

பட்ஜெட்டிலும் ஒரு குழி உண்டு. நாளுக்கு 300 ரூபாய் என்று வைத்தால் ஏதோ ஒரு நாள் 600 வரை போகலாம், மாதத்துக்கு உச்சம் 300 × 30.4, அதாவது 9,120 ரூபாய். இதற்கு மேல் 18% ஜி.எஸ்.டி. சேர்த்தால் 10,761 ரூபாய் சொச்சம்.

கிளிக்கை எண்ணிப் பயனில்லை, போன் அழைப்பை எண்ணுங்கள். ஒரு பேச்சுக்கு, கிளிக் 12 ரூபாய், 25 கிளிக்குக்கு ஒரு போன், மூன்று போனுக்கு ஓர் அறை நிரம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் அறையை நிரப்ப 900 ரூபாய். நாள் வாடகை 700 என்றால் ஒரு ராத்திரி தங்குபவரால் கைநஷ்டம், சிகிச்சைக்காகப் பதினைந்து நாள் தங்குபவரால் லாபம். அப்படியானால் விளம்பர வாசகம் யாரைப் பார்த்துப் பேச வேண்டும் என்பது விளங்கும். ஆனால் அழைப்பைப் பதிவு செய்யும் 'கன்வெர்ஷன் டிராக்கிங்' போடாதவரிடம் இந்தக் கணக்கே இருக்காது.

ஆர்கானிக் பக்கம் வந்தால், உள்ளூர்க் கடைக்கு வெப்சைட்டைவிட மேப் பதிவுதான், அதாவது கூகுள் மேப்பில் கடைக்கு உள்ள பதிவுதான், முதலில் சோறு போடும். அதில் பெயர்ப்பலகையில் உள்ள பெயரை மட்டும் போடுங்கள். பெயரோடு 'வேலூரின் சிறந்த மலிவான' என்று ஒட்டவைத்தால் பதிவே முடக்கப்படலாம். காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு என ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தைப் பத்து நகல் எடுப்பதும் கூகுள் விதிப்படி ஸ்பேம்தான். ஊருக்கொரு பக்கம் வேண்டுமென்றால் அந்த ஊருக்கே உரிய விலை, நேரம், படம் அதில் இருக்க வேண்டும்.

வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டிய வெப்சைட் எத்தனை மாதமானாலும் தேடலில் வரவே இல்லையா? அமைப்புகளில் 'ரீடிங்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். தளம் கட்டும்போது தேடுபொறிகளைத் தடுக்கப் போட்ட டிக் அப்படியே இருக்கலாம். தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய பக்க முகவரிகளைப் புதியவற்றுக்கு '301' என்ற நிரந்தரத் திருப்பு முறையில் திருப்பாமல் விட்டால், அதுவரை தேடலில் பிடித்த இடம் போய்விடலாம்.

ஒரே மாதத்தில் முதலிடம் உறுதி என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆர்கானிக் வேலை பலன் காட்ட நான்கு மாதம் முதல் ஒரு வருடம் ஆகலாம் என்று கூகுளே சொல்கிறது. விளம்பரத்தின் உண்மையான பயன் இந்த இடைவெளியில்தான்: எந்தச் சொல்லுக்குப் போன் வருகிறது என்று அது காட்டிக்கொடுக்கும். அந்தச் சொல்லுக்கு ஆர்கானிக் பக்கம் எழுதலாம்.

யாரிடம் வேலையைக் கொடுத்தாலும் விளம்பரக் கணக்கும் டொமைனும் (வெப்சைட் முகவரி) மேப் பதிவும் உங்கள் ஜிமெயிலில், உங்கள் பெயரில் இருக்கட்டும். அவர்களுக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். ஏஜென்சியின் கணக்கில் ஓட்டினால், விலகும் நாளில் எந்தச் சொல்லுக்குப் போன் வந்தது என்ற அந்த விவரமும் அவர்களோடு போய்விடும்.