நகல் சர்வர் நின்றாலும் முதன்மை வட்டு நிரம்பாதிருக்க

கிருஷ்ணகிரியிலுள்ள ஒரு மாங்கூழ் ஆலையின் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், ரெப்ளிகேஷன் ஸ்லாட் (நகல் சர்வர் எதுவரை பெற்றுக்கொண்டது என்று முதன்மை சர்வர் வைத்திருக்கும் குறிப்பு) வழியாகத் தருமபுரிக் கிளையின் சர்வருக்கு நகலாகிறது என்று வைத்துக்கொள்வோம். மாம்பழ சீசன் மும்முரத்தில் கிளையின் இணைப்பு அறுந்துபோனால், அந்த ஸ்லாட் இன்னும் பெற்றுக்கொள்ளாத வால் (WAL: தரவு மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும்) பதிவுக் கோப்புகளை, வழக்கமாக ஒவ்வொன்றும் 16 எம்பி அளவில், முதன்மை சர்வர் அழிக்காமல் சேர்த்துக்கொண்டே போகும். வட்டு நிரம்பிவிட்டால் ஆலையின் பில்லிங்கும் நின்றுவிடும்.

இதற்கு வரம்பிடும் 'மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ்' என்ற அமைப்பு 2020இல் வெளியான 13ஆம் பதிப்பில் வந்தது. அதன் இயல்பு மதிப்பு -1, அதாவது வரம்பே கிடையாது என்பதால், நாமாக மாற்றினால்தான் உண்டு. கான்ஃபிக் கோப்பில் 50 ஜிபி என்பதுபோல் எழுதி ரீலோட் செய்தால் போதும், ரீஸ்டார்ட் தேவையில்லை.

ஆனால் வரம்பைத் தாண்டிய கோப்புகள் செக்பாயின்ட்டின்போது (அதுவரையிலான மாற்றங்கள் தரவுக் கோப்புகளில் எழுதி முடிக்கப்படும் கட்டத்தில்) நீக்கப்படலாம் என்பதையும், அவை வேறெங்கும் ஆர்கைவ் செய்யப்படாதிருந்தால் நகலை முதலிலிருந்து எடுக்க நேரும் என்பதையும் மறக்கலாகாது. ஆகவே குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போடாமல், நெருக்கடியான நாளில் மணிக்கு எவ்வளவு பதிவு உருவாகிறது என்று அளந்து, இணைப்பு திரும்பக்கூடிய நேரத்தால் பெருக்கி, வட்டின் காலியிடத்துக்குள் அடங்குமாறு வரம்பை வைப்பதே என் பரிந்துரை. 'பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ்' காட்சியிலுள்ள 'சேஃப்_வால்_சைஸ்', இன்னும் எவ்வளவு எழுதினால் ஸ்லாட் இழக்கப்படும் அபாயம் வரும் என்பதை பைட் கணக்கில் காட்டும்.